4294967297: ஐந்து முறை சரியாக வந்து ஆறாவது முறை உடைந்த கணிப்பு

4294967297. வாய்விட்டுச் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கம்தான். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்களைக் கணினிகள் கண்டுபிடிக்கும் காலத்தில் இதைப் பெரிய எண் என்று சொல்வதே அதிகம். ஆனாலும் எண் கோட்பாட்டில் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் இதன் ஒவ்வொரு குணமும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: இது 2³² + 1.

இதை ஒன்றுமே தெரியாமல் அணுகினால் என்ன ஆகும் என்று முதலில் பார்க்கலாம். ஒற்றைப்படை, 7-இல் முடிகிறது. 3-ஆல் வகுத்தால் மீதி 2, 5-ஆல் வகுத்தாலும் மீதி 2. 7, 11, 13 எதுவும் வகுக்காது. அப்படியே பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால் முதல் 115 பகா எண்களும் கையை விரித்துவிடும். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வகுப்பவர் ஐம்பதாவது பகா எண்ணைத் தாண்டும்போதே 'சரி, இது பகா எண்தான்' என்று முடிவுகட்டிவிடுவார். இதே வழியில் பகா எண் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 65536 வரைக்கும் உள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அதனால் 115 தோல்வி என்பது ஒன்றையுமே சொல்லவில்லை, ஆனால் அந்த 115 வகுத்தலைச் செய்தவருக்கு அது நிறையச் சொன்னது போலத் தோன்றும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியில் இருந்துகொண்டு கணிதத்தைக் கடிதங்களிலேயே வளர்த்த பியர் தெ ஃபெர்மா, 1640-இல் ஒரு வரிசையைக் கவனித்தார். 2-இன் அடுக்கோடு ஒன்றைக் கூட்டுவது, அந்த அடுக்கும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போவது. வருகிற எண்கள் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுக்கு ஏன் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது: அடுக்கில் 3, 5 போன்ற ஒற்றைக் காரணி ஒன்று ஒளிந்திருந்தாலும் எண் உடைந்துவிடும். 2⁶ + 1 = 65, அது 5 × 13; அந்த 5 என்பது 2² + 1. இப்படி உடையவே வாய்ப்பில்லாத அடுக்குகள் 2-இன் அடுக்குகள் மட்டும்தான் என்பதால், அவற்றிலிருந்து வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் எழுதினார். ஐந்துக்கு அடுத்து வருவதுதான் நம் 4294967297. (இந்த வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது வழக்கம், அதனால் 3 என்பது 0-ஆம் ஃபெர்மா எண், இது 5-ஆம் ஃபெர்மா எண்.)

ஃபெர்மா 1665-இல் இறந்துவிட்டார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர், இளம் கணிதராக இருந்த ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணிப்பைப் பற்றிக் கேட்டார். ஆய்லர் முதலில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. ஆனால் 1732-இல் விடை வந்துவிட்டது:

4294967297 = 641 × 6700417

641 என்பது 116-ஆம் பகா எண். ஆய்லர் 115 எண்களால் வகுத்துத் தோற்று 116-ஆவதில் ஜெயித்தார் என்று நினைத்தால் அது தப்பு. அவர் தேடும் இடத்தையே சுருக்கிவிட்டார், அந்தச் சுருக்கும் வழிதான் இதில் ருசியான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2³²-இன் மீதி −1 (ஒன்று கூட்டினால் மீதியில்லாமல் வகுபடும் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம்). இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. இப்போது 1-இல் தொடங்கி 2-ஆல் பெருக்கிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், அந்த மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றி மறுபடி 1-க்கு வந்து சேரும். 64 அடியில் 1-க்கு வருகிறோம் என்பது தெரியும், அதனால் வட்டத்தின் நீளம் 64-ஐ வகுக்கும் ஓர் எண்: 1, 2, 4, 8, 16, 32, 64 இதில் ஒன்று. 32-ஓ அதற்குக் கீழேயோ இருந்தால் 32-ஆவது அடியில் நாம் 1-இல் நிற்க வேண்டும், ஆனால் நிற்பதோ −1-இல். ஆகவே வட்டம் சரியாக 64 அடி நீளம். அப்புறம் ஒரு பழைய தேற்றம் வந்து வேலையை முடிக்கிறது: எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இந்த வட்டத்தின் நீளம், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியில்லாமல் வகுக்கும். எனவே 4294967297-இன் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும்.

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இந்தப் பத்தில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டும்தான். ஐந்தாவது முயற்சியில் விடை. 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் இன்னொரு படி முன்னே போனார்: இப்படிப்பட்ட பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 வரும், அதனால் மீதிகளை மட்டும் பார்க்கும் அந்தக் கணக்கில் 2 என்பதே வேறொரு எண்ணின் வர்க்கமாக இருக்கும், அந்த எண்ணின் வட்டம் 128 அடி நீளம். ஆக 64-இன் இடத்தில் 128 வந்துவிடுகிறது, 193-உம் 449-உம் 577-உம் ஒரே அடியில் கழிந்துவிடுகின்றன. மிச்சம் 257, 641. ஃபெர்மா எண்கள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது (ஏன் என்று கீழே வருகிறது), 257-உம் ஒரு ஃபெர்மா எண் என்பதால் அதுவும் போயிற்று. சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641!

எனக்கு மனதைப் பிசைவது என்னவென்றால், மேலே சொன்ன அந்தப் பழைய தேற்றம் ஃபெர்மாவுடையது. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று பாடப்புத்தகங்களில் வருவது அதுதான், அதையும் அவர் அதே 1640-இல் கடிதத்தில் எழுதினார். அதே ஆண்டு 2³⁷ − 1-க்கு 223 என்ற காரணியை இதே மாதிரி வடிகட்டித்தான் பிடித்தார்: அங்கே காரணி 37-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும், 223 = 37 × 6 + 1. அதாவது பூட்டும் சாவியும் ஒரே ஆளிடம் ஒரே ஆண்டில் இருந்தன. ஒருவேளை முயன்று ஏதாவது ஒரு வகுத்தலில் கை தவறியிருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள்.

அந்த வகுத்தல் எவ்வளவு சின்னது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். பத்து இலக்க எண்ணை வைத்துக்கொண்டு நீள்வகுத்தல் தேவையே இல்லை. 2⁸ = 256. அதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶ = 65536. இதை 641-ஆல் வகுத்தால் 102 முறை போய் (65382) மீதி 154. இனி 65536-ஐ மறந்துவிட்டு 154-ஐ வர்க்கப்படுத்தினால் போதும்: 154 × 154 = 23716. இதோடு ஒன்றைக் கூட்டினால் 23717, அது சரியாக 641 × 37. முடிந்தது. 2³² + 1-ஐ 641 வகுக்கிறது. ஒரு தாளின் ஓரத்தில் மூன்று வரி.

இன்னொரு வழியும் இருக்கிறது, பெருக்கலே இல்லாமல். 641 என்பது இரண்டு விதமாக 2-ஐயும் 5-ஐயும் கட்டி வைத்திருக்கிறது: 641 = 5 × 2⁷ + 1, அதே சமயம் 641 = 5⁴ + 2⁴. முதல் வரியின்படி 5 × 2⁷-இன் மீதி −1, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவது வரியின்படி 5⁴-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் −2⁴ வைக்கலாம். −2³²-இன் மீதி 1 என்று வந்துவிடுகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். அழகான நிரூபணம், ஆனால் 641 விடை என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத முடியும். தேடிப் பிடிக்க உதவியது முந்தைய வடிகட்டிதான்.

மிச்சமிருக்கும் 6700417 பகா எண்ணா? அதற்கும் அதே வடிகட்டி போதும். அதன் காரணிகளும் 4294967297-இன் காரணிகள்தானே, அதனால் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், அதுவும் 6700417-இன் வர்க்கமூலமான 2588 வரைக்கும்தான். 257-ஐ விட்டுவிட்டால் அந்த எல்லைக்குள் இருப்பவை 641, 769, 1153, 1409. நான்கே நான்கு. மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதை நான்கு வகுத்தலில் நிரூபித்துவிட்டோம்.

இன்னொரு குணத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இது எனக்கு 641-ஐவிட வியப்பாக இருந்தது. 4294967297 பார்த்த மாத்திரத்தில் இரண்டு வர்க்கங்களின் கூட்டல்: 65536² + 1². 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். ஆனால் நம் எண்ணை இன்னொரு விதமாகவும் எழுதலாம்:

4294967297 = 62264² + 20449²

இரண்டாவது விதம் ஒன்று இருக்கிறது என்பதே இது பகா எண் இல்லை என்பதற்குச் சாட்சி, எந்தக் காரணியையும் காட்டாமலேயே. இந்த இரண்டாவது விதம் எங்கிருந்து வருகிறது? 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலே, அதை இரண்டு விதமாக எழுதலாம் என்பது 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் பொதுவாக எழுதிவைத்த ஒரு முற்றொருமைக்குள் அடங்கும். குறுக்காகப் பெருக்கிக் கூட்டிக் கழியுங்கள். 25 × 2556 + 4 × 409 = 65536, 25 × 409 − 4 × 2556 = 1. கூட்டல் கழித்தலை மாற்றிப்போட்டால் 62264, 20449. அந்த 10225-உம் 10224-உம் ஒன்றோடொன்று கழிந்து சரியாக 1 மிஞ்சும்போது ஏற்படும் சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு 20449 என்பதும் 143-இன் வர்க்கம்.

பகா எண் இல்லாவிட்டாலும் இது பகா எண் போல நன்றாக நடிக்கும். ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாகப் பார்க்கும் சோதனை இதே சிறிய தேற்றத்திலிருந்து வருகிறது: 2-ஐ, அந்த எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 1 வராவிட்டால் பகா எண் இல்லவே இல்லை. இங்கே 2⁶⁴-இன் மீதி 1 என்று முன்பே பார்த்தோம், வேண்டிய அடுக்கோ 4294967296, அது 64-இன் மடங்கு. ஆக மீதி 1 வந்துவிடும். இந்த எண் மட்டுமல்ல, எல்லா ஃபெர்மா எண்களுமே 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறிவிடும், பகா எண்ணோ இல்லையோ. 2-க்குப் பதில் 3-ஐ வைத்து அதே சோதனையைச் செய்தால் 32 முறை வர்க்கப்படுத்திய பிறகு மீதி 3029026160. வேடம் கலைந்துவிடுகிறது.

கணினி பழகியவர்களுக்கு இந்த எண்ணின் அண்டை வீட்டார்களை நன்றாகவே தெரியும். 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதும் 32 கட்டங்களில், எழுதக்கூடிய ஆகப் பெரிய முழு எண் 4294967295, மொத்தம் எழுதக்கூடிய எண்கள் 4294967296, இணைய முகவரிகளின் நான்காம் பதிப்பில் இருக்கும் முகவரிகளின் எண்ணிக்கையும் அதுவே. நம் எண்ணுக்கு 33 பிட் வேண்டும்: ஒரு 1, அப்புறம் 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. இதை 32 பிட்டுக்குள் திணித்தால் தலையிலுள்ள 1 வெட்டுப்பட்டு வெறும் 1 மட்டும் மிஞ்சும்.

அந்த 4294967295-ஐக் காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்து ஃபெர்மா பகா எண்களும் வரிசையாக நிற்கின்றன! இது தற்செயல் இல்லை. எந்த ஃபெர்மா எண்ணிலும் 2-ஐக் கழித்தால் அதற்கு முன்னால் உள்ள எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கல் வரும்: 17 − 2 = 15 = 3 × 5, 257 − 2 = 255 = 3 × 5 × 17. அதனால்தான் தொடக்கத்தில் 3-ஆலும் 5-ஆலும் வகுத்தபோது மீதி 2 வந்தது. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும், எல்லாமே ஒற்றைப்படை என்பதால் அது நடக்காது. 257-ஐ மேலே தள்ளிவிட்டது இதை வைத்துத்தான்.

இதே ஐந்து பகா எண்கள் வடிவியலிலும் தலைகாட்டுகின்றன. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், கவராயத்தையும் அளவு குறிக்காத நேர்விளிம்பையும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டும்தான் இப்படி வரைய முடியும். 'மட்டும்தான்' என்ற பகுதியை 1837-இல் வான்ட்ஸெல் நிரூபித்தார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து, ஆகவே இப்படி வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31, அவற்றில் ஆகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுதி முடிக்க ஹெர்மெஸ் என்பவருக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன, 1894-இல் முடித்தார். 641 மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் 4294967297 பக்கப் பலகோணமும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

சரி, இதற்கு அடுத்த ஃபெர்மா எண்களின் கதி என்ன? 6-ஆம் எண்ணை, அதாவது இருபது இலக்கங்கள் கொண்ட 2⁶⁴ + 1-ஐ 1880-இல் லான்ட்ரி உடைத்தார்: 274177 × 67280421310721. இங்கேயும் 274177 = 256 × 1071 + 1, அதே வடிவம்தான். 7-ஆம் எண் 1970 வரை காத்திருந்தது. 8-ஆம் எண் 1980-இல், 9-ஆம் எண் 1990-இல் முழுதாக உடைந்தன. 20-ஆம், 24-ஆம் எண்கள் விசித்திரமானவை, இரண்டும் பகா எண்கள் இல்லை என்பது 1987-இலும் 1999-இலும் கணினி வழியாக உறுதியாயிற்று, ஆனால் ஒரு காரணிகூட இன்னும் சிக்கவில்லை. 5 முதல் 32 வரை உள்ள ஃபெர்மா எண்களில் பகா எண் ஒன்றுகூட இல்லை.

ஃபெர்மா நம்பியதற்கு நேர் எதிரான நம்பிக்கைதான் இன்று கணித வட்டாரத்தில் இருக்கிறது, 65537-க்கு மேல் ஃபெர்மா பகா எண்ணே கிடையாது என்று. நிரூபணம் இல்லை, ஆனால் காரணம் எளிது. பெரிய எண்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு, இலக்கங்கள் இரட்டித்தால் பாதியாகக் குறையும். ஃபெர்மா எண்களின் இலக்கங்களோ ஒவ்வொரு அடியிலும் இரட்டிக்கின்றன. வாய்ப்பு பாதி, பாதியில் பாதி என்று தேய்ந்துகொண்டே போனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு சின்ன எல்லைக்குள்தான் அடங்கும். முதல் ஐந்தும் பகா எண்ணாக வந்ததற்கு அவை சிறியவையாக இருந்ததும் ஒரு காரணம்.

இப்போதைக்கு என்னவென்று தெரியாத முதல் எண் 33-ஆம் ஃபெர்மா எண், 2-ஐ 8589934592 அடுக்குக்கு உயர்த்தி ஒன்று கூட்டியது. சுமார் 258 கோடி இலக்கங்கள். பெபான் 1877-இல் தந்த சோதனை இந்த எண்களுக்கென்றே அமைந்தது, பகா எண்ணா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடும்: 3-ஐத் தொடர்ந்து வர்க்கப்படுத்திக்கொண்டே போய்க் கடைசியில் மீதி −1 வருகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 4294967297-க்கு 31 முறை வர்க்கப்படுத்தினால் போதும். 33-ஆம் எண்ணுக்கு 8589934591 முறை, ஒவ்வொரு முறையும் 258 கோடி இலக்கங்களை அதே அளவுள்ள எண்ணோடு பெருக்கி. அந்தச் சோதனையை இதுவரை யாரும் ஓட்டி முடிக்கவில்லை, குறுக்குவழியாக ஒரு 641-உம் அதற்குக் கிடைக்கவில்லை.